பில் இல்லாத பெற்றோல் தாங்கி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது பற்றுச்சீட்டுத்தான் என்பது மகாதேவனின் முடிந்த முடிபு. சக்கரம், நெருப்பு, தடுப்பூசி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"சக்கரத்தைக் கண்டுபிடிச்சவன் ஒரு பில் குடுத்திருந்தா அவன்ர பேர் இண்டைக்கு எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே," என்று கேட்பான்.

வீட்டிலுள்ள ஒரே காரின் முன்பெட்டிக்குள் அவனுடைய கோப்பு ஒன்று உண்டு. சிட்னியில் எப்போதோ வாங்கிய தேங்காய் துருவிக்கான பற்றுச்சீட்டும் அதில் இருக்கிறது. துருவி இப்போது இல்லை. பற்றுச்சீட்டு இருக்கிறது. இரண்டில் எது நிலையானது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

"எங்கட சனம் ஏன் முன்னேறேல்லை தெரியுமோ? ஒருத்தனும் காசு வாங்க மாட்டான், ஒருத்தனும் பில் குடுக்க மாட்டான். 'சீச்சீ, காசோ, விசரே உமக்கு' எண்டு கையைத் தட்டிவிடுவான். வெள்ளைக்காரனைப் பாருங்கோ. தாயோட கோப்பி குடிச்சாலும் பாதிக் காசைக் கேட்டு வாங்குவான். அதுதான் நாகரிகம்."

ஆகவே மெல்பேணின் ஒரு வாகனப் பரிசோதனை நிலையத்தில், பிரெண்டா என்ற நரைத்த தலைப் பரிசோதகர் டோர்ச்சை அணைத்துவிட்டு, "இந்தப் பெற்றோல் தாங்கிக்குப் பில் எங்கே?" என்று கேட்டபோது, மகாதேவன் தன் வாழ்நாளிலேயே முதற்தடவையாக வெறுங்கையோடு நின்றான்.

மற்றதற்கெல்லாம் இருந்தது. பைக்கில் உட்காரும் சீட்டுக்குப் பில். முன் மட்கார்டுக்குப் பில். பக்க மூடிகளுக்கும் ஹெட்லைட் கவருக்கும் பில். எல்லாம் இணையத்தில் வாங்கியவை, எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் திகதிவாரியாக.

"தாங்கி... அது ஒரு அண்ணை தந்தவர்," என்றான்.

"உங்கள் சகோதரரா?"

"இல்லை. அண்ணை."

பிரெண்டா இதை எங்கே எழுதுவது என்று யோசித்து, எங்கும் எழுதாமல் விட்டாள்.

விஷயம் இதுதான். பைக் மகாதேவனுடையது. சிட்னியின் பென்டில் ஹில்லில் இருந்த காலத்தில் ஓர் ஆலங்கட்டி மழை அதன்மீது பெய்து தீர்த்தது. காப்புறுதிக்காரர்கள் வந்து பார்த்து, திருத்துவதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்று கணக்குப் போட்டு, 'ரைட்-ஓஃப்' என்று முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். மகாதேவன் அதை அவர்களிடமிருந்தே திரும்ப வாங்கினான். அடிபட்ட பாகங்களைக் கழற்றிச் சிட்னியிலேயே கழித்துவிட்டு, எஞ்சிய எலும்புக்கூட்டை லொறியில் ஏற்றி மெல்பேணுக்கு, வெரிபீக்கு, குடிவந்தான். மாநிலம் மாறினாலும் முத்திரை மாறவில்லை. அந்த முத்திரை உள்ள வண்டிக்கு இங்கே இலக்கத்தகடு வேண்டுமென்றால், அதில் பூட்டியிருப்பது களவுச் சாமான் இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

"முதலிலிருந்தே பைக்கோடு இருந்த பாகங்களைப் பற்றி நான் கேட்பதில்லை," என்றாள் பிரெண்டா. "பிறகு வந்த பாகங்களுக்குத்தான் பில் வேண்டும். பில் இல்லையென்றால், தந்தவருக்கு யார் தந்தார், அவருக்கு யார் தந்தார் என்று ஆதிவரைக்கும் காட்ட வேண்டும். 'ஒருவர் சும்மா தந்தார்' என்பது போதாது. எனக்குத் தெரிந்த எல்லாத் திருடர்களுக்கும் ஒருவர் சும்மாதான் தந்திருக்கிறார்."

அடுத்த பரிசோதனைக்கு மாதக் கடைசியில் ஓர் இடம் இருந்தது. அதை விட்டால் டிசம்பரில் நத்தார் விடுமுறை. பிறகு புதுவருடத்தில், எப்போதாவது.

வீட்டில் தாரகா கதையைக் கேட்டாள். அவள் தாதி. நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லும்போது வரும் அமைதியான குரல் அவளுக்கு வந்தது.

"இஞ்சாருங்கோ. இப்ப விடியப்புறம் உங்களை வேலைக்கெண்டு குளிர்க் களஞ்சிய வாசலில இறக்கிப்போட்டு நான் ஹொஸ்பிட்டலுக்கு ஓடுறன். புதுவருசத்தில இருந்து எனக்கு நைட் ஷிஃப்ட். காரும் என்னோட ஹொஸ்பிட்டலில நிக்கும், அந்த நேரத்தில ரெயினும் இல்லை. பிறகு ஆர் உங்களைக் கொண்டு போறது?"

"பைக் வந்திடும்."

"வராட்டி வேலை போகும். வேலை போனா இந்த வீட்டு வாடகை கட்டேலாது. பிறகு சிட்னிதான். அப்பா கராஜுக்குப் பெயின்ற் அடிச்சு, எங்களுக்கெண்டு ஒரு கட்டிலும் போட்டிட்டாராம்."

மகாதேவனின் மாமனார் பிரியாவிடையின்போது, "மெல்பேணில உமக்கு மூண்டு மாதம், கூடினா நாலு," என்று சொல்லி அனுப்பியவர். கட்டில் போட்டுவிட்டார் என்றால் மனுசன் நாள் எண்ணுகிறார் என்று அர்த்தம்.

மகாதேவன் உடனே ஸ்ரீகாந்தன் அண்ணை வீட்டுக்குப் போனான்.

ஸ்ரீகாந்தன் பஸ் சாரதி. வெரிபீக்கு வந்த முதல் வாரமே மகாதேவனைத் தமிழ்க் கடையில் கண்டுபிடித்து, தாங்கி இல்லாமல் நின்ற பைக்கைப் பார்த்து இரங்கி, தன் ஷெட்டிலிருந்து ஒரு கறுப்புத் தாங்கியைக் கொண்டுவந்து தானே பூட்டிவிட்டவர். அது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியிருந்தது.

"அண்ணை, அந்த டாங்குக்கு ஒரு பில் வேணும்."

"என்ன பில்?"

"நான் காசு தந்து வாங்கினன் எண்டு. எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, இப்பவே தாறன்."

குசினிக்குள் கறியைக் கிண்டிக்கொண்டிருந்த அகப்பை நின்றது.

"பாலேஸ், கேட்டனீரே? தம்பி எங்களுக்குக் காசு தரப் போறாராம்."

"ஏனாம்?" என்றது குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி பாலேஸ்வரியின் குரல். "நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"பிழை ஒண்டுமில்லை அக்கா..."

"நான் என்ன கடையோ வைச்சிருக்கிறன்?" என்றார் ஸ்ரீகாந்தன்.

"சரி அண்ணை, காசு வேண்டாம். வாங்கின மாதிரி ஒரு வரி எழுதிக் கையெழுத்து மட்டும் வைச்சுத் தாங்கோ."

"வாங்காத காசை வாங்கின எண்டு எழுதிறதோ? பொய்க் கையெழுத்து வைக்கிற பரம்பரையே நாங்கள்?"

"அப்ப காசை வாங்குங்கோ!"

"காசு வாங்கிற பரம்பரையுமில்லை. இரும், சாப்பிட்டிட்டுப் போம்."

மகாதேவன் சாப்பிட்டான். சாப்பிடும்போதே பிரச்சினையை ஒரு விஞ்ஞானியைப் போல ஆராய்ந்தான். மனுசன் பொய் சொல்ல மாட்டார். ஆகவே காசு அவரிடம் உண்மையாகவே போய்ச் சேர்ந்துவிட்டால், கையெழுத்து வைக்காமல் இருக்க முடியாது. அவர் விரும்பித்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கைகழுவப் போன சாட்டில் குசினிக்குள் நுழைந்து, சீனிப் பேணிக்குக் கீழே தாள்களை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து செய்தி அனுப்பினான். 'அண்ணை, காசு சீனிப் பேணிக்குக் கீழ கிடக்கு. இனி அது நீங்கள் வாங்கின காசுதான்.'

தேநீர் ஆறுவதற்குள் ஸ்ரீகாந்தனின் வெள்ளை வான் வாசலில் நின்றது. ஒரு கையில் நண்டுக்கறிச் சட்டி. அதன் மூடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒட்டியபடி, போன காசு. மற்றக் கையில் இரண்டு உலோகப் பக்க மூடிகள்.

"தம்பி, நீர் காசு காசெண்டு நிக்கேக்கையே எனக்கு விளங்கீற்றுது. ஒரு டாங்கை மட்டும் தந்திட்டுப் பேசாமல் இருந்தது என்ர பிழைதான்."

"ஐயோ அண்ணை, அப்பிடியில்லை!"

"பேசாதேயும். இது ஒறிஜினல்." அவர் அதற்குள் குந்தியிருந்து, மகாதேவன் இணையத்தில் வாங்கிய பக்க மூடிகளைக் கழற்றி எறிந்தார். "சைனா பிளாஸ்டிக். வெயிலுக்கு அப்பளம் மாதிரிப் பொரிஞ்சிடும்."

"அதுக்குப் பில் இருக்கு அண்ணை!"

"பில்லை வைச்சிரும். பில்லை எறியச் சொல்லி ஆர் சொன்னது?"

பூட்டி முடித்து, மூடியின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். "எந்த விசரன் வைச்சிருந்தானோ தெரியாது. பராமரிப்பே இல்லை. என்ர மச்சான் சிவபாலன்தான் திருத்திப் பெயின்ற் அடிச்சு உயிர் குடுத்தவன்."

"சில பேருக்கு பைக் வைச்சிருக்கத் தெரியாது அண்ணை," என்றான் மகாதேவன், மரியாதைக்கு.

மறுநாள் தாரகா கழுவின சட்டியைக் காட்டி, "இதை வெறுமையாக் குடுக்கேலாது," என்றாள். அவள் கேசரி கிண்டினாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் மகாதேவன் சட்டியின் அடியில் தாள்களை வைத்து, மேலே அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கேசரியைக் கொட்டினான். கேசரியைத் தின்றவன் காசைத் திருப்பித் தர முடியாது என்பது அவனுடைய கோட்பாடு. காசுக்கு ஏலக்காய் வாசம் வரும்.

காசு ஏலக்காய் வாசத்தோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்.

அவன் வேலையில் இருந்தபோதே ஸ்ரீகாந்தன் வந்து பூட்டிவிட்டுப் போயிருந்தார். பில் உள்ள சீட் எங்கே என்று மகாதேவன் ஓடித் தேடினான். குப்பை லொறி காலையிலேயே வந்து போயிருந்தது.

"உக்காந்து பாருங்கோ, நல்ல மெத்தெண்டு இருக்கு," என்றாள் தாரகா.

உட்கார்ந்து பார்த்தான். மெத்தென்றுதான் இருந்தது. பின்பக்கத்துக்கு ஏற்கெனவே அறிமுகமான சீட்டைப் போல. அது அவனுக்கு மேலும் எரிச்சலைத் தந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சும்மா இருந்தாலே போதும். ஒவ்வொரு தரமும் காசு குடுக்கக் குடுக்க, பைக்கில பில் இல்லாத சாமான்தான் கூடுது."

ஆனால் மகாதேவனிடம் இன்னொரு திட்டம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பாலேஸ்வரிக்கு ஐம்பதாவது பிறந்தநாள். மண்டபம், கேக், தோசை, வாசலில் என்வலப் போடுவதற்கு ரிப்பன் கட்டிய பெட்டி.

"தாரகா, யோசிச்சுப் பாரும். எங்கட சனம் எந்தக் காசையும் வாங்காது, விசேஷத்தில வைக்கிற காசைத் தவிர. அதைத் திருப்பிக் குடுத்தா வைச்சவனுக்கு மரியாதைக் குறைவு. இது ஒண்டுதான் எங்கட சமூகத்தில பணம் போற ஒருவழிப் பாதை."

"அதுக்கு?"

"தாங்கிக் காசு, மூடிக் காசு, சீட்டுக் காசு எல்லாம் ஒரே என்வலப்புக்குள்ள போகப் போகுது."

போனது. என்வலப் பெட்டியின் வாய்க்குள் நுழைய மறுத்தது. ஸ்ரீகாந்தனே இரண்டு விரலால் அமுக்கித் தள்ளிவிட்டார்.

ஞாயிறு காலை மகாதேவன் பேனையோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். பாலேஸ்வரி கண்கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ர சொந்தத் தம்பிகூட இப்பிடி வைக்கேல்லை, தம்பி!"

"அதை விடுங்கோ அக்கா. அண்ணை, காசு வந்திட்டுதுதானே? திருப்பேலாதுதானே? அப்ப கையெழுத்து வையுங்கோ."

ஸ்ரீகாந்தன் கடதாசியை வாங்கி நிதானமாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, காசு வந்தது பாலேசுக்கு. டாங்க் என்ர. அவ வாங்கின காசுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"அப்ப அக்கா வைக்கட்டும்!"

"நான் உங்களுக்கு ஒரு டாங்கும் விக்கேல்லையே, தம்பி," என்றாள் பாலேஸ்வரி, மிகுந்த அன்போடு.

அன்று பின்னேரமே கைமாறாக முன் மட்கார்டும் ஹெட்லைட் கவரும் வந்து, பில் உள்ளவற்றைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, பைக்கில் ஏறின.

"இதோட மச்சான் தந்த சாமான் பெட்டி முடிஞ்சுது," என்றார் ஸ்ரீகாந்தன் திருப்தியாக. "இனி நீர் காசு தந்தாலும் தர என்னட்டை ஒண்டுமில்லை."

மாதக் கடைசி வந்தது. இலக்கத்தகடு இல்லாத பைக்கை வீதியில் ஓட்டக் கூடாது என்பதால் ஸ்ரீகாந்தனே அதைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுவதும் பாட்டுப் பாடினார். மகாதேவன் மடியில் கோப்பை வைத்துக்கொண்டு, மாமனாரின் கராஜில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தான்.

பிரெண்டா கோப்பைத் திறந்தாள். பைக்கைப் பார்த்தாள். கோப்பைப் பார்த்தாள்.

"போன தடவை தாங்கிக்கு மட்டும் பில் இல்லை."

"ஓம்."

"இப்போது சீட்டுக்கு பில் இருக்கிறது. ஆனால் அது இந்த சீட் இல்லை. மட்கார்டுக்கு பில் இருக்கிறது. ஆனால் அது இந்த மட்கார்ட் இல்லை. உங்களிடம் பில் இருக்கிற எந்தச் சாமானும் பைக்கில் இல்லை. பைக்கில் இருக்கிற எந்தச் சாமானுக்கும் பில் இல்லை." அவள் குரலில் கோபமில்லை. ஒருவிதப் பிரமிப்பு மட்டும்தான். "மூன்று வாரத்தில் இதை எப்படிச் சாதித்தீர்கள்?"

"நான் காசு குடுத்தன்," என்றான் மகாதேவன். "அதாலதான்."

பிரெண்டா டோர்ச்சை எடுத்தாள். தாங்கியின் மேல் சாய்வாக ஒளியைப் பிடித்து, உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள். பிறகு கணினிக்குப் போய், சிட்னிக் காப்புறுதிக்காரர்கள் அன்று எடுத்த படங்களைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி தடவினாள்.

"இதைத் தந்தது யார்?"

ஸ்ரீகாந்தன் நெஞ்சை நிமிர்த்தி ஓரடி முன்னால் வந்தார். "ஐ கிவ். நோ மணி."

"உங்களுக்கு யார் தந்தார்?"

"மை மச்சான். நோர்த்மீட், சிட்னி. ஆல்ஸோ நோ மணி."

"அவரை அழையுங்கள். இது எங்கிருந்து புறப்பட்டது என்று எனக்கு இப்போதே தெரிய வேண்டும். தெரிந்தால் கையெழுத்து. தெரியாவிட்டால் புதுவருடத்தில் பார்ப்போம்."

ஸ்ரீகாந்தன் தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மச்சான் சிவபாலன் எங்கோ ட்ரில் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டியோ? அது பென்டில் ஹில்லில ஒரு தமிழ்நாட்டுத் தம்பி தந்தது. நசுங்கினதெல்லாத்தையும் நான்தான் தட்டி எடுத்து, சீட்டுக்குப் புதுத் தோல் போட்டு, பெயின்ற் அடிச்சனான். தம்பிக்குக் காசு நீட்டினன், வாங்கேல்லை."

"ஆல்ஸோ நோ மணி," என்று ஸ்ரீகாந்தன் பிரெண்டாவுக்கு மொழிபெயர்த்தார்.

மகாதேவனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"பாத்தியளே அண்ணை? இதுதான் எங்கட சனம்! ஒருத்தன் சும்மா குடுப்பான், மற்றவன் சும்மா வாங்குவான், மூண்டாமவன் சும்மா பூட்டுவான். கடைசியில வேலை போய் மாமன்ர கராஜுக்குள்ள படுக்கிறது நான்! இதைத் தொடக்கி வைச்சவன் ஆரோ, அவனைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்க வேணும்."

"பொறுங்கோ, தம்பியை லைனில எடுக்கிறன்," என்றார் சிவபாலன்.

மணி ஒலித்தது. பிரெண்டா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து மேசைக்காரரும் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஹலோ, விவேக் பேசுறேன்."

மகாதேவன் தொலைபேசியை நோக்கிக் குனிந்து, ஒரு நீதவானுடைய குரலை வரவழைத்துக்கொண்டான்.

"தம்பி, சுத்தி வளைக்காமல் சொல்லும். அந்தப் பெட்டியை உமக்குத் தந்தது ஆர்? காசும் வாங்காமல், பில்லும் குடுக்காமல் விட்ட அந்த மடையன்ர பேர் எனக்கு இப்ப வேணும்."

மறுமுனையில் விவேக் சிரித்தான்.

"மகாதேவன் அண்ணாதானே பேசுறது? என்னண்ணா விளையாடுறீங்களா, வீடு காலி பண்ண அன்னிக்கு உங்க பைக்ல இருந்து கழட்டின டேங்க், சீட்டு, மட்கார்டு எல்லாத்தையும் பெட்டியோட நீங்கதானே என் கையில குடுத்தீங்க, காசு நீட்டினதுக்கு 'நான் என்ன கடையோ வைச்சிருக்கிறன்'னு கோவிச்சுக்கிட்டு வேற போனீங்களே!"